அந்த மீட்டர் காட்டிய எண்ணைச் சொல்லுங்கள்

எங்கள் வட்டார ஊராட்சி மன்றத் தலைவர், கவுன்சிலர்கள், மாவட்டப் பேரிடர் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய இரும்புக் கடையில் அன்று மாலை என்ன கிடைத்தது, யார் யார் வந்தார்கள், கடையை எப்போது பூட்டினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் அமலாக்கப் பிரிவின் வண்டியும் வாசலில்தான் நின்றது. கதிரியக்கம் என்று எச்சரிக்கும் மூவிதழ்ச் சின்னம் பதித்த மஞ்சள் தகடு ஒட்டிய அந்த இரும்புப் பெட்டியை, வந்தவர்கள் கதிர் அளக்கும் மீட்டர் வைத்து அளந்தார்கள். அளந்தவர் எண்ணைப் பார்த்தார், நோட்டில் எழுதிக்கொண்டார். பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூடியிருந்த எங்களிடம், "ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்கள். நாங்கள் கேட்பது நோட்டில் எழுதிய அந்த எண்ணை. இன்றுவரை அது எங்கள் கைக்கு வரவில்லை.

வதந்தியைக் கேட்டுப் பதறி நான் இதை எழுதவில்லை. தொழிற்சாலைக் குழாய்களின் பற்றவைப்பைக் கதிர்ப்படம் எடுத்துச் சோதிப்பதே ஓய்வு பெறும்வரை என் தொழில். இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் வைத்த கேமராவோடு இரவு இரவாக வேலை செய்திருக்கிறேன். ஒவ்வொரு படம் எடுத்த பிறகும், சோர்ஸ், அதாவது கதிரை வீசும் அந்தப் பொருள், உள்ளே திரும்பிவிட்டதா என்று கதிர் அளக்கும் சர்வே மீட்டரில் பார்த்த பிறகுதான் கேமராவை நெருங்குவோம். சட்டையில் கதிர் அளவைப் பதியும் பேட்ஜ் இல்லாமல் எவரும் கதிர் உள்ள இடத்தில் கால் வைக்க முடியாது. யாருக்கு எவ்வளவு பட்டது என்ற கணக்கு எழுத்தில் வரும். உடம்பில் பட்ட கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். எங்களைப் போன்ற தொழிலாளிக்குச் சட்டம் அனுமதிப்பது ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கு 1 மில்லிசீவர்ட்தான். இருபது மடங்கு வரை பெற அனுமதி உள்ளவனுக்கு எழுத்தில் கணக்கு கொடுக்கிறார்கள். ஒன்றே ஒன்றுக்கு மேல் படக்கூடாத மக்களுக்கு வாய்ச்சொல் போதுமா?

பெட்டியை லோரியிலிருந்து இறக்கியவர் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பி. கையில் துணிக் கையுறை, அதிலும் இரண்டு விரல் கிழிந்திருந்தது. கனமாக இருந்ததால் மார்போடு அணைத்துத் தூக்கிப் போய்த் தராசில் வைத்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் படுப்பதில்லை. முன்புறம் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பாய் விரித்துக்கொள்கிறார். அவருடைய துணியை மனைவி தனி வாளியில் துவைக்கிறார். கைக்குழந்தை அப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டுகிறது, இவர் பின்னால் நகர்ந்துகொள்கிறார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். கிளினிக்குக்கு அவரோடு போனதும் நான்தான். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு பட்டது?" என்பது. பதில் சொல்ல எங்களிடம் எண் இல்லை. முதலாளியோ, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் வேலைக்கு வரலாம் என்கிறார். எண் இல்லாமல் எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்?

பெட்டிக்குள் இருந்தது உடையாத, மூடிய சோர்ஸ் என்றால், கதிர் உடம்பில் பட்டிருக்கலாமே தவிர உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்திருக்காது. அப்படியானால் அந்தத் தம்பி அன்று இரவே குழந்தையைத் தூக்கியிருக்கலாம். உடைந்து பொடி சிந்தியிருந்தால் கதை வேறு. துணியைக் கழற்றிக் கட்டி வைத்து, உடனே குளித்து, வீட்டையும் அளந்திருக்க வேண்டும். கதிர் பலமாகப் பட்டிருந்தால் முதல் இரண்டு நாட்களுக்குள் எடுக்கும் இரத்தப் பரிசோதனை டாக்டருக்குப் பெரிதும் வழி காட்டும். அந்த நாட்கள் போய்விட்டன. இந்த இரண்டில் எது நடந்தது என்று அன்றைக்கே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே நின்றார்கள். சொல்லும் பொறுப்பு தங்களுடையது என்று யாரும் நினைக்கவில்லை.

இதுதான் என்னை எழுத வைத்தது. 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமமளிப்புச் சட்டத்தின் கீழ் கதிரியக்கப் பொருளுக்கு உரிமம் தருவது அணுசக்தி இலாகா. மருத்துவமனைச் சாதனம் என்றால் சுகாதார அமைச்சு. இரும்புக் கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது ஊராட்சி மன்றம். பேரிடர் என்று அறிவித்தால் மாவட்ட அதிகாரி. முதலில் ஓடி வருவது தீயணைப்பு மீட்புத் துறை. எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் அன்று தொலைபேசியில் நாங்கள் யாரைக் கேட்டாலும், வேறோர் இடத்தைக் கேட்கச் சொன்னார்கள். ஊராட்சி மன்றத்தில் எடுத்தவருக்கு, இப்படி ஒன்று கிடைத்தால் அடுத்து யாரை அழைக்க வேண்டும் என்பதே தெரியவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இது அணு உலை இருக்கும் ஊருக்கான பேச்சு, நமக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 1987இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த கருவியைப் பெயர்த்து இரும்புக் கடையில் விற்றார்கள். நான்கு பேர் இறந்தார்கள், ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வரிசையில் நிறுத்திச் சோதிக்க வேண்டியிருந்தது. 2000இல் பக்கத்து நாடான தாய்லாந்தின் சமுத் பிராகானில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த சாதனம் ஓர் இரும்புக் கடையில் உடைபட்டு மூன்று பேர் இறந்தார்கள். நம் மலேசியாவிலேயே 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாம் போகும் வழியில் 23 கிலோ எடையுள்ள கதிர்ப்படக் கருவி ஒன்று வண்டியிலிருந்து காணாமல் போனது. எந்த நாட்டிலும் இப்படிப்பட்ட சாதனம் கடைசியில் வந்து சேரக்கூடிய இடம் பழைய இரும்புக் கடை. அந்தக் கடைக்கு லைசென்ஸ் கொடுப்பவர்கள் நீங்கள்.

அளந்த எண்ணை மக்களிடமிருந்து தள்ளி வைக்கும் வழக்கம் இந்த நாட்டில் புதிதல்ல. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கிய அரிய மண் தனிமத் தொழிற்சாலையின் கதிரியக்கத் தோரியக் கழிவை எதிர்த்துப் போராடிய மக்கள், 1984இல் ஜப்பானியப் பேராசிரியர் ஒருவரை வரவழைத்துக் கதிரை அளக்க வேண்டியிருந்தது. 2019 மார்ச்சில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் ஆற்றில் கொட்டிய இரசாயனத்தால் 111 பள்ளிகளை மூடினார்கள். அங்கேயும் தன் பிள்ளை எதைச் சுவாசித்தது என்று ஒவ்வொரு தாயும் கேட்டாள். 1951இல் மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தலை நடத்திய ஊர் பினாங்கின் ஜோர்ஜ்டவுன். இன்று அந்தப் பினாங்கில் கவுன்சிலரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. நியமனத்தில் வருபவர்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கேட்கிறோம், திரும்பத் திரும்பக் கேட்கிறோம்: அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கோபம் வார்த்தையில் வந்திருந்தால் மன்னியுங்கள். பணிவாகவே கேட்கிறேன். அன்று பெட்டியை ஒட்டியும், தராசின் பக்கத்திலும், கடை வேலியோரத்திலும் எடுத்த அளவுகளை, எந்தக் கருவியில் எத்தனை மணிக்கு எடுத்தது என்ற விவரத்தோடு எழுத்தில் கொடுங்கள். அந்தத் தம்பிக்கு மட்டும் ஒரு தாள் தனியாகக் கொடுங்கள், அவர் டாக்டரிடம் காட்டட்டும்.

அதோடு நிறுத்திவிடாமல், அணுசக்தி இலாகாவை அழைத்து நம் வட்டாரத்தின் சாதாரண அளவையும் எடுத்து வையுங்கள். பினாங்கு மலையும் புக்கிட் மெர்தாஜாம் குன்றும் கருங்கல். கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. வழக்கமான அளவு இன்னது என்று முன்கூட்டியே தெரியாவிட்டால், விபத்து நாளில் எடுக்கும் எண் கூடுதலா குறைவா என்று யாரால் சொல்ல முடியும்? எடுத்த அளவை மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், மைக்ரோசீவர்ட் என்றால் என்ன என்று கீழே இரண்டு வரி போடுங்கள். மக்கள் புரிந்துகொள்வார்கள்.

பெரிய இரும்பு ஆலைகள் வாசலிலேயே கதிர் கண்டறியும் கருவி வைத்து லோரியைச் சோதிக்கின்றன. சின்னக் கடைக்காரரால் அது முடியாது, சரி. கையில் பிடிக்கும் மீட்டர் ஒன்றை மன்றம் வாங்கி வைக்கலாம். லைசென்ஸ் புதுப்பிக்க வரும்போது கடைக்காரருக்கும் வேலையாட்களுக்கும் அந்தச் சின்னத்தைக் காட்டி, கண்டால் தொடாதே, தள்ளி நில், இந்த எண்ணுக்கு அழை என்று சொல்லித் தரலாம். தமிழிலும் வங்காளத்திலும் நேப்பாளியிலும் சொல்ல வேண்டும், கடையில் தூக்குபவர்கள் அந்த மொழிகள் பேசுபவர்கள்தான். வெள்ளத்துக்கு ஒத்திகை நடத்துகிறீர்கள், நாங்களும் வருகிறோம். இதற்கும் ஒரு முறை நடத்துங்கள். தீயணைப்புத் துறை, பொதுத் தற்காப்புப் படை, மாவட்ட அலுவலகம், மருத்துவமனை எல்லாரும் ஒரே நாளில் வந்தால், யார் யாரை அழைப்பது என்பது அன்றோடு தீர்ந்துவிடும். மீட்டர் பிடிக்க ஆள் வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள், சம்பளம் வேண்டாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பட்ஜெட் வேண்டும், கூட்டம் வேண்டும் என்பீர்கள். அந்த எண்ணைச் சொல்ல எதுவும் வேண்டியதில்லை, அது ஏற்கெனவே நோட்டில் இருக்கிறது. தயவுசெய்து இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

பணிவுடன்,
தாமான் குடியிருப்பாளர் ஒருவர்,
பினாங்கு