கோப்பெங் ஆற்று முதலாளிகளே, எங்கள் பெண்களைக் கவுண்டரிலிருந்து எழுந்து வரவிடுங்கள்

பேராக் மாநிலக் கோப்பெங்கில் ராஃப்டிங் (காற்றடித்த படகில் ஆற்றில் போவது), கயாக், பேடல்போர்டு (பலகையில் நின்று துடுப்புப் போடுவது) என்று தொழில் நடத்தும் முதலாளிமார்களுக்கும் அண்ணன்களுக்கும் வணக்கம். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டு, மற்ற முதலாளிகளிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள்.

நான் இந்த ஊர்ப் பெண். அப்பாவும் அம்மாவும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு லயத்தை விட்டு டவுனுக்கு வந்தோம். கம்பார் ஆற்றில் ராஃப்ட் ஓட்டக் கற்றவள், இப்போது பேடல்போர்டு சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வேலைக்கு வருகிற பெண் பிள்ளைகளைக் கவுண்டரில் உட்கார வைக்கிறீர்கள், இல்லையென்றால் சாப்பாட்டுக் கொட்டகைக்கு அனுப்புகிறீர்கள், கொஞ்சம் துடியான பிள்ளையாக இருந்தால் கையில் கேமராவைக் கொடுத்துப் பாறைமேல் நிறுத்துகிறீர்கள். தண்ணீரில் இறங்கும் வேலையும், அதற்கான பயிற்சியும், சான்றிதழும், அந்தச் சான்றிதழால் கூடுகிற சம்பளமும் பையன்களுக்கே போகின்றன. இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பெண்கள்தான் வருவதில்லை, நாங்கள் என்ன செய்ய என்று கேட்பீர்கள். வந்தவளைச் சொல்கிறேன், கேளுங்கள். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் பயிற்சியின்போது கயிற்றுப் பை வீசச் சொன்னார்கள். ஆற்றோடு போகிற ஆளின் நெஞ்சுக்குக் குறுக்கே கயிறு விழ வேண்டும், ஒரு முழம் பின்னால் விழுந்தாலும் அவர் கைக்கு எட்டாது. என் கயிறு சரியாக விழுந்தது, எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் சனி ஞாயிறு கூட்டம் வந்ததும் எனக்குக் கிடைத்தது நாசி லெமாக் பொட்டலம் எண்ணுகிற வேலை. வாடிக்கையாளர் பயப்படுவார்கள் என்றார் பொறுப்பாளர். எந்த வாடிக்கையாளர்? பள்ளிப் பயணமோ கம்பெனி குடும்ப தினமோ, வருகிற பஸ்ஸைப் பாருங்கள், பாதிப் பேர் பெண்கள். தண்ணீரைப் பார்த்து மிரளும் ஓர் அம்மா முதலில் தேடுவது கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பெண்ணைத்தான்.

அடுத்து, உடல் பலம் பற்றிய பேச்சு. கம்பார் ஆற்றில் ஆளைக் கொல்வது கெபாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், மேலே தீத்திவங்சா மலையில் மழை கொட்டியிருக்கும், கொஞ்ச நேரத்தில் ஆறு வேறு ஆறாகிவிடும். அதற்கு முன்னால் தண்ணீர் கலங்கி நிறம் மாறுகிறது, சுள்ளியும் இலையும் கூட்டமாக மிதந்து வருகின்றன, நேற்று நனையாத பாறையின் ஓரம் நனைகிறது. இதைக் கவனித்து "எல்லாரும் கரைக்கு" என்று சொல்ல என்ன புஜபலம் வேண்டும்? பார்க்கத் தெரிந்த கண்ணும், கத்தத் தயங்காத குரலும், பழக்கமும் வேண்டும். நம் பகுதிப் பழங்குடிகளான செமாய் இளைஞர்கள் இவ்வளவு நல்ல கைடுகளாக இருப்பதற்குக் காரணமும் அந்தக் கண்தான்.

பேடல்போர்டு இன்னும் எளிது. காற்றடிக்கிற போர்டு பெரும்பாலும் பத்துக் கிலோ அளவில்தான் இருக்கும், எங்கள் அம்மா தோளில் காண்டாக் கம்பில் தூக்கிய பால் வாளிகளைவிடக் குறைவு. கற்றுக்கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடுவில் இருக்கும் கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் முட்டி போடச் சொல்ல வேண்டும், அங்கேயே கொஞ்சம் துடுப்புப் போட விட வேண்டும், பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து எழச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிற எல்லாரும் காலையே பார்ப்பார்கள், பார்த்தால் விழுவார்கள். "அந்தச் செம்பனை மட்டையைப் பாருங்க அக்கா" என்று தூரத்தில் ஒன்றைக் காட்டினால் முதுகு நிமிரும், நடுக்கம் நிற்கும். துடுப்பின் வளைவைப் பலர் தலைகீழாகப் பிடிப்பார்கள், அதன் தகடு முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்று திருத்த வேண்டும். இதில் எந்த இடத்தில் ஆணாக இருக்க வேண்டும் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

உலகமும் இதே சாக்கைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒலிம்பிக்கில் பெண்களின் கயாக் 1948 லண்டனிலேயே வந்துவிட்டது, ஆனால் முட்டி போட்டு ஓட்டுகிற கனூவில் பெண்களை விடுவதற்கு டோக்கியோ வரைக்கும், அதாவது 2021 வரைக்கும் ஆனது. விட்ட உடனே ஆஸ்திரேலியாவின் ஜெசிக்கா ஃபாக்ஸ் ஸ்லாலமில் (தொங்கும் கம்பங்களுக்கு இடையே வளைந்து ஓட்டும் பந்தயம்) தங்கம் எடுத்தார், 2024 பாரிசில் கயாக், கனூ இரண்டிலும் எடுத்தார். 2019-இல் லீமாவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டில் பேடல்போர்டு பந்தயம் ஆணுக்கும் இருந்தது, பெண்ணுக்கும் இருந்தது. நமக்குக் கிட்டத்தில் பார்த்தால், கர்நாடகத்து முல்கியில் பயின்ற தன்வி ஜகதீஷ் பேடல்போர்டில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டவர், மாமல்லபுரத்தில் கமலி மூர்த்தி மீனவர் குடியிருப்பிலிருந்து அலைச்சறுக்குப் போட்டிக்குப் போனவர்.

நம் நாட்டிலும் பெண் பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை. சிவசங்கரி 2022-இல் கார் விபத்தில் சிக்கி, எழுந்து வந்து, 2024-இல் லண்டனில் ஸ்குவாஷ் பட்டம் வென்றார். கிசோனா 2019 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் பூப்பந்துத் தங்கம் எடுத்தார். அவர்களுக்கு அரங்கம் இருந்தது, பயிற்றுநர் இருந்தார், அடுத்த படி எது என்று சொல்ல ஆள் இருந்தது. மலையும் ஆறும் என்று வந்தால் 1997 மே 23-இல் எவரெஸ்ட் ஏறிய மகேந்திரனையும் மோகனதாசையும் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அடுத்து ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லு என்று என் மாணவி கேட்டபோது என்னால் உடனே சொல்ல முடியவில்லை, அது எனக்கு வலித்தது.

சரி, என்ன செய்ய வேண்டும்? பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று முடிவெடுக்கும்போது கவுண்டரில் இருக்கிற பிள்ளையையும் கேளுங்கள். மீட்புப் பயிற்சிக்கும் முதலுதவி வகுப்புக்கும் கட்டணம் கட்டுவது உங்கள் செலவாக இருக்கட்டும், தோட்டத்து வீட்டில் அந்தப் பணத்தை ஒரு பெண் பிள்ளைக்காக எடுத்து வைப்பது ரொம்பக் கஷ்டம். பயிற்சியை வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். 2021 அக்டோபரில் வேல்ஸ் நாட்டு ஹேவர்ஃபோர்ட்வெஸ்டில், மழையில் பெருகிய ஆற்றின் தடுப்பணையில் பேடல்போர்டு குழு ஒன்று சிக்கி நான்கு பேர் இறந்தார்கள். அழைத்துப் போனவர்களுக்கு அதற்கேற்ற பயிற்சி இல்லை என்று விசாரணை சொன்னது. ஓடுகிற தண்ணீரில் போர்டின் கயிற்றைக் கணுக்காலில் கட்டக் கூடாது, மாட்டிக்கொண்டால் குனிந்து அவிழ்க்க வெள்ளம் விடாது. இடுப்பில் கட்டி ஒரே இழுப்பில் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். இதைத் தெரிந்தவர் கைடாக இருக்கட்டும், ஆணோ பெண்ணோ.

லைஃப் ஜாக்கெட் வாங்கும்போது பெண்களுக்குப் பொருந்துகிற அளவிலும் வாங்குங்கள். பெரிய ஜாக்கெட் தண்ணீரில் காதுவரை ஏறி முகத்தை மறைக்கும், அதைப் போட்டுக்கொண்டு யாரையும் காப்பாற்ற முடியாது. தாழ்ப்பாள் உள்ள உடை மாற்றும் அறை வேண்டும், குப்பைத்தொட்டி வைத்த கழிவறை வேண்டும். மாதவிடாய் நாளில் ஒரு பெண் கரையில் நின்று வேலை செய்கிறேன் என்றால் அவளை அடுத்த வார ஆற்றுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்பது 2023 முதல் வேலைச் சட்டத்திலேயே இருக்கிறது, அதை ஒட்டுங்கள்.

அப்புறம் சம்பளம். ஒரு ட்ரிப்புக்கு இத்தனை வெள்ளி என்று கையில் கொடுக்கிற வழக்கம் பையன்களுக்கும் நல்லதில்லை, பெண்களை அது அடியோடு வெளியே தள்ளிவிடுகிறது. 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுப்பு 98 நாள், சம்பளத்தோடு. ட்ரிப் கணக்கில் வேலை செய்கிறவளுக்கு அது கைக்கு வந்து சேர்வதில்லை, ஆகவே கல்யாணமானதும் வேலை முடிந்தது என்று வீட்டில் முடிவாகிவிடுகிறது. நிரந்தர வேலையாக எடுங்கள், ஈ.பி.எஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கட்டுங்கள். கர்ப்பமாக இருக்கும் மாதங்களில் புதியவர்களுக்குக் கரையில் வகுப்பு எடுக்கவோ பயணத்தைத் திட்டமிடவோ விடுங்கள். அனுபவமுள்ள கைடு ஒருத்தியை இழந்தால் உங்களுக்கும்தானே நஷ்டம்?

வீட்டுப் பக்கம் எங்கள் வேலை, அதை உங்கள் தலையில் கட்டவில்லை. கறுத்துப்போவாள், மாப்பிள்ளை கிடைக்காது, பையன்களோடு ஈரத்துணியில் நிற்பாளா என்று கேட்கும் அம்மாக்களிடம் நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். சிலர் சம்மதித்தார்கள். சம்மதிக்காதவர்கள் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "அங்கே சம்பளச் சீட்டு கொடுப்பாங்களா?" அதற்கு நான் பதில் சொல்ல முடியாமல் இருப்பதற்குக் காரணம் நீங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1985-இல் ஈய விலை விழுந்து சுரங்கங்கள் மூடிய பிறகு கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கப் பழைய ஈயக்குட்டைகள் கிடக்கின்றன, நம் பிள்ளைகள் நீந்தத் தெரியாமல் அவற்றில் இறங்குகிறார்கள். நீச்சல் சொல்லித்தரத் தெரிந்த அக்காமார் ஊரில் நாலு பேர் இருந்தால் தாய்மார் பெண் பிள்ளைகளை நம்பி அனுப்புவார்கள். நீங்கள் இன்று பயிற்சிக்கு அனுப்புகிற பெண்கள் நாளைக்கு அந்த வேலையையும் செய்வார்கள்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன்னால் உங்களில் ஒருவராவது பயிற்சிக்கு இரண்டு இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கிச் சொல்லுங்கள். தேதி, கட்டணம் யார் கட்டுவது, முடித்தபின் வேலை உண்டா, இந்த மூன்றையும் எழுத்தில் கொடுத்தால் போதும். பிள்ளைகளையும் அவர்கள் அம்மாக்களையும் நானே அழைத்துக்கொண்டு வருகிறேன்.