மஞ்சள் தாளில் கோடு கிழித்துத் தந்தவருக்கு

ரொறன்ரோவில் இறையியல் படிக்க விண்ணப்பித்த எங்கள் எல்லோர் கைக்கும் அனுமதிக் கடிதங்கள் வந்துவிட்டன. நடந்ததைத் திரும்பவும் விவரிக்கத் தேவையில்லை, கூடவே நின்ற உங்களுக்கு எல்லாம் தெரியும். மூச்சு விட முடிகிற இந்த நேரத்திலேயே நன்றியைச் சொல்லிவிடுகிறோம்.

கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றும் கொழும்புத்துறை, அம்பிட்டிய குருமடங்களில் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்துத் தந்த அருட்தந்தையர், காசு வாங்காமல் சத்தியக்கடதாசி முடித்துத் தந்த சட்டத்தரணி, இரவிரவாக மொழிபெயர்த்தவர்கள், சாப்பாடும் படுக்க இடமும் தந்த ஸ்காபரோப் பங்குக் குடும்பங்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இந்த மடலின் பெரும்பகுதி கல்லூரி அலுவலகத்தின் முன்மேசையில் இருக்கும் அம்மாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மஞ்சள் தாளொன்றின் நடுவே பென்சிலால் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘பல்கலைக்கழகம்’, வலப்பக்கம் ‘ரோமாபுரி’ என்று தலைப்பிட்டு, ஒவ்வொருவருடைய விண்ணப்பக் கோவையின் முகப்பிலும் குத்திவைத்தார். யாரும் கேட்டுச் செய்ததில்லை.

அந்தக் கோட்டின் அருமை இங்குள்ள இறையியல் கல்லூரிகளை அறிந்தவர்களுக்குப் புரியும். 1978 இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சாசனம் திருத்தப்பட்டதிலிருந்து, இறையியல் பட்டங்களைக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் சேர்ந்தே வழங்குகின்றன. திருச்சபைப் பட்டம் வேறு. இளமாணி, லைசென்சியேட், கலாநிதி என்று போகும் அந்த வரிசைக்கு அதிகாரம் ரோமாபுரியில் உள்ள திருத்தந்தையின் ஆட்சிப்பீடமான திருப்பீடத்திலிருந்து வருகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017 டிசம்பரில் கையெழுத்திட்ட ‘வெரித்தாத்திஸ் காவ்தியும்’ அதற்கான சட்டம். ஒரே வகுப்பில் இருந்து படித்தாலும் இரண்டு பக்கமும் பார்ப்பது வேறு வேறு. ஒரே கட்டுப் பத்திரத்தை இரண்டுக்கும் கொடுத்தால் ஒரு பக்கம் நிச்சயம் தடைப்படும்.

இடப்பக்கத்தில் பெறுபேற்றுப் பத்திரம் பற்றி எழுதியிருந்தார். அது குருமடத்திலிருந்து நேரே வர வேண்டும், உறையின் ஒட்டின்மேல் முத்திரை இருக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க உறையைப் பிரித்தால், அந்தப் பிரதி செல்லாது. குருமடப் பத்திரங்களில் பாடங்களின் பெயரும் புள்ளியும் மட்டும் இருப்பதுண்டு. இங்கே ஒவ்வொரு பாடத்தின் படிப்பு அளவைக் காட்டும் கிரெடிட் கணக்கு வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி, தவணைக்கு எத்தனை வாரம், சித்தியடைய எத்தனை புள்ளி என்று குருமட அதிபர் ஒரு கடிதம் தந்தால்தான் கணக்குப் பார்க்க முடியும்.

வலப்பக்கத்தின் முதல் வரியை இரண்டு தரம் அடிக்கோடிட்டிருந்தார்: மெய்யியல். திருச்சபை இளமாணிக்கு ஐந்து வருடம். இரண்டு வருட மெய்யியலை முன்னமே முடித்து வருவது நிபந்தனையாக இருக்கும் இடத்தில் மூன்று வருடம். மெய்யியலையும் இறையியலையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதிய பத்திரத்தில் அந்த இரண்டு வருடம் கண்ணுக்குத் தெரியாது. முழுதாகப் படித்தவருக்கும் குறைபாடு என்று பதில் வரும். மெய்யியல் பாடங்களை வருடவாரியாகத் தனித்தாளில் வாங்கினால் சிக்கல் தீரும்.

தாளின் அடியில், கோட்டுக்குக் குறுக்காக, பெயர்கள். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், ஞானஸ்நானப் பதிவில் புனிதர் பெயர், குருமடத்தில் முதலெழுத்து மட்டும். வெளியாருக்கு இது மூன்று ஆட்கள். எல்லா வடிவங்களையும் எழுதிய ஒரே சத்தியக்கடதாசியை இரண்டு மூலப்பிரதியாக எடுத்து, பக்கத்துக்கு ஒன்று வைக்கச் சொன்னார். எங்களுக்கு இது தோன்றியிருக்கவே மாட்டாது.

இந்தத் தாளைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு வருடமும் விதிகளோடு ஒத்துப்பார்த்து, விண்ணப்பகாலத்துக்கு முன்னமே குருமடங்களுக்கு அனுப்புவோம் என்று உறுதி சொல்கிறோம். அடுத்த வருடம் வர இருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் மெய்யியல் தாளை மட்டும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். குருமடம் விடுமுறைக்கு மூடினால் பதிவேட்டைத் திறந்து எழுதித்தர ஆள் கிடைக்காது.