செயலாளரின் ஆண்டறிக்கை: ஸ்காட்லாந்து மிஷன் கமிட்டியைப் படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், அங்கத்தினர் அனைவருக்கும் வணக்கம். நமது வரலாற்று வாசகர் சங்கத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகள் பற்றிய அறிக்கையைப் பொதுக்குழு முன் சமர்ப்பிக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாம் சனிக்கிழமைகளில் நடந்தன. மழைக்காலத்தில் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. நம்மை விட்டுப் பிரிந்த மூத்த அங்கத்தினர்களுக்கு அந்தந்தக் கூட்டத்திலேயே அஞ்சலி செலுத்தினோம். புதிதாகச் சேர்ந்தவர்களில் கல்லூரி மாணவர்களும் இருப்பது மகிழ்ச்சி.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டோம்: ஸ்காட்லாந்து திருச்சபையின் வெளிநாட்டு மிஷன் கமிட்டி. "கமிட்டியைப் போய் யார் படிப்பார்கள்? டஃபைப் படிக்கலாம், மில்லரைப் படிக்கலாம்" என்று அன்றே சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களைப் போல மிஷனெரிகளாக இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தவர்களைப் பற்றி வாழ்க்கை வரலாறுகள் ஏராளம். எடின்பரோவில் உட்கார்ந்து ஆள் தேர்ந்தெடுத்து, சந்தா வசூலித்து, சம்பளம் அனுப்பி, பதில் வராத கடிதங்களுக்கு நினைவூட்டல் எழுதியவர்களைப் பற்றி நம்மில் யாரும் அதிகம் படித்ததில்லை. சந்தா பாக்கிக்கு நினைவூட்டல் எழுதியே பழகிய எனக்கு அவர்கள் மேல் தனிப் பாசம் உண்டு என்பதையும் சபையில் சொல்லிவிடுகிறேன்.

முதல் கூட்டம் 1796ஆம் ஆண்டோடு தொடங்கியது. அந்த மே மாதம் எடின்பரோவில் கூடிய, திருச்சபையின் உச்ச மன்றமான பொதுச்சபையின் முன், வெளிநாடுகளுக்கு மிஷனெரிகளை அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கை வந்தது. கிளாட்ஸ்மியர் என்ற ஊரின் போதகர் ஜார்ஜ் ஹாமில்டன் எழுந்து எதிர்த்தார். கல்வியும் நாகரிகமும் முதலில், சுவிசேஷம் பிறகுதான். படிப்பறியாத மக்களிடம் நேரே சுவிசேஷத்தைக் கொண்டுபோவது தலைகீழான வேலை என்பது அவர் வாதம். கோரிக்கையை ஆதரித்த, எழுபது வயதைத் தாண்டிய போதகர் ஜான் எர்ஸ்கின் எழுந்து, அந்த வேதாகமத்தை இங்கே எடுங்கள் என்று கேட்டு வாங்கி, அப்போஸ்தலர் நடபடிகளைத் திறந்தார். கப்பல் உடைந்து மெலித்தா (இன்றைய மால்டா) தீவில் கரையேறிய பவுலுக்கு அந்த ஊர் அந்நியர்கள் காட்டிய அன்பைப் பற்றிய பகுதியை வாசித்தார். கதையில் அவர் ஜெயித்தார். வாக்கெடுப்பில் தோற்றார்: 58க்கு 44. அந்த மறுப்புக்குப் பின்னால் அரசியலும் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலம். ஊர் ஊராகச் சங்கம் கூட்டிப் பணம் திரட்டும் எதையும் ஆட்சியாளர்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள்.

பொதுச்சபை மனம் மாற 28 ஆண்டுகள் ஆயின. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸ்காட்டிஷ் சாப்ளினாக, அதாவது கம்பெனியாருக்கான போதகராக இருந்த ஜேம்ஸ் பிரைஸ் விண்ணப்பம் அனுப்பினார். எடின்பரோ ஓல்ட் கிரேஃபிரையர்ஸ் சபைப் போதகர் ஜான் இங்கிலிஸ் அதை 1824இல் பொதுச்சபையில் நிறைவேற வைத்து, கமிட்டியின் தலைமையையும் ஏற்றார். இங்கிலிஸ் எர்ஸ்கினின் கட்சிக்காரர் இல்லை. ஹாமில்டனைப் போல, திருச்சபைக்குள் கல்வியை முன்வைத்த மிதவாதக் கட்சியைச் சேர்ந்தவர். எனவே கமிட்டி முதல் வேலையாகக் கேட்டது பள்ளிக்கூடம். 1796இல் மிஷனை நிறுத்தப் பயன்பட்ட அதே 'கல்வி முதலில்' வாதம், 1824இல் மிஷனின் கொள்கையாகவே திரும்பி வந்தது. சென்னையில் நாம் பார்க்கும் ஸ்காட்டிஷ் கல்வி நிறுவனங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அன்றைய கூட்டத்தில் எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

தீர்மானம் நிறைவேறியும் ஆள் கிடைக்க ஐந்து ஆண்டுகள். 1829இல் 23 வயது அலெக்சாண்டர் டஃப் புறப்பட்டார். தென்னாப்பிரிக்கக் கரையருகே கப்பல் உடைந்து அவருடைய நூலகமே கடலோடு போயிற்று. ஹூக்ளி முகத்துவாரத்தில் அடுத்த கப்பலும் தரைதட்டியது. 1830 மே மாதம் கல்கத்தா சேர்ந்தார். பள்ளிக்கு இடம் பார்த்துக் கொடுத்து மாணவர்களையும் சேர்த்துவிட்டவர் ராஜா ராம்மோகன் ராய். டஃப் கதை எல்லாருக்கும் தெரிந்தது. நாங்களும் அதைச் சீக்கிரமே முடித்துவிட்டோம்.

சென்னைக்கு இரண்டு கூட்டங்கள் ஒதுக்கினோம். அதில் ஒன்று எழும்பூர் ஆண்ட்ரூஸ் கர்க் ஆலயத்தைப் பார்வையிட்டதோடு சேர்ந்தது. 1821இல் திறக்கப்பட்ட அந்த ஆலயம் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்களின் வழிபாட்டுக்காகக் கட்டியது. அவர்களுக்குச் சேவை செய்த சாப்ளின்கள் வேறு, கமிட்டி அனுப்பிய மிஷனெரிகள் வேறு. ஆனால் இரண்டு வேலையும் தொட்டுக்கொண்ட இடமும் இதுதான்: இங்கே இருந்த சாப்ளின்கள் தொடங்கிய சிறு பள்ளிதான் மதராஸுக்கும் ஒரு மிஷனெரி வேண்டும் என்று கமிட்டியைக் கேட்க வைத்தது. மணல் பாங்கான நிலத்தில் கிணறு கிணறாக இறக்கி அஸ்திவாரம் போட்ட மேஜர் டி ஹாவிலண்டின் வேலையைப் பற்றி நம் பொறியாளர் அங்கத்தினர் நெடுநேரம் பேசினார். மிஷன் பற்றிப் பேச நேரம் குறைந்துபோனதற்கு அவரே பொறுப்பு.

கமிட்டி அனுப்பிய ஜான் ஆண்டர்சன் 1837 ஏப்ரல் 3ஆம் தேதி ஜார்ஜ் டவுன் அர்மீனியன் தெருவில் வாடகை வீட்டில் 59 பையன்களோடு பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சோதனை. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் மற்றப் பெற்றோர் அவர்களை நீக்கச் சொன்னார்கள், ஆண்டர்சன் மறுத்தார், பள்ளி மளமளவென்று காலியானது. பிறகு நிரம்பியது. 1841இல் ராஜகோபால், வெங்கடராமையா என்ற மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது மறுபடி காலியானது. எடின்பரோவுக்கு அனுப்பும் அறிக்கையில் எதை வெற்றி என்று எழுதுவது? ஞானஸ்நானம் கூடினால் மாணவர் குறைகிறார்கள். மாணவர் கூடினால் ஞானஸ்நானம் நடக்கவில்லை என்று பொருள். இந்தச் சிக்கல் அந்தக் கமிட்டியை நூறு ஆண்டுகள் விடவில்லை.

1843 பிளவைப் பற்றிய கூட்டம்தான் இந்த ஆண்டின் சிறந்த கூட்டம். ஒரு சபைக்குப் போதகரை நியமிப்பது நிலச்சுவான்தாரின் உரிமையா, சபையாரின் உரிமையா என்பதே சண்டை. அந்த மே 18ஆம் தேதி, சபையாரின் உரிமையே என்று நின்ற தாமஸ் சால்மர்ஸ் முதலானோர் பொதுச்சபையை விட்டு வெளியே நடந்தார்கள். 450க்கு மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு ஃப்ரீ சர்ச் என்ற புதிய சபையை அமைத்தார்கள். இந்தியாவிலிருந்த மிஷனெரிகளுக்கு இந்தச் சண்டையில் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் கல்கத்தாவில் டஃப், பம்பாயில் ஜான் வில்சன், மதராஸில் ஆண்டர்சன் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஃப்ரீ சர்ச் பக்கம் போனார்கள். கட்டடமும் தளவாடமும் பழைய கமிட்டியிடம். ஆட்கள் புதிய கமிட்டியிடம். கல்கத்தாவில் டஃப் தாமே எழுப்பிய கட்டடத்தை விட்டு வெளியேறி வேறிடத்தில் புதிதாகத் தொடங்கினார். ஒரே ஊரில் ஸ்காட்லாந்தின் இரண்டு கல்லூரிகள்! அவை மறுபடி ஒன்றாக 1908 வரை ஆனது. பாகப்பிரிவினை வழக்குகளை நிறையப் பார்த்த நம் வழக்கறிஞர் அங்கத்தினர், "சொத்து ஒரு பக்கம், உழைப்பு ஒரு பக்கம், இது எங்கள் ஊர்க் கதைதான்" என்றார்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான நம் அங்கத்தினர் பணத்தைப் பற்றித் தனியாகப் பேசினார். ஏழைகளும் வாரம் ஒரு பென்னி கொடுத்துப் போதகர்களைத் தாங்கலாம் என்று சால்மர்ஸ் போட்ட திட்டத்தை அவர் புகழ்ந்தார். அதோடு நிறுத்தாமல், பலரும் சொல்லத் தயங்கும் பகுதியையும் சொன்னார். 1844இல் அமெரிக்கா சென்ற ஃப்ரீ சர்ச் தூதுக்குழு, அடிமைகளை வைத்திருந்த தென் மாநிலப் பிரஸ்பிட்டேரியன்களிடமிருந்தும் காணிக்கை வாங்கி வந்தது. சுமார் 3,000 பவுண்டு என்பார்கள். அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1846இல் ஸ்காட்லாந்து முழுக்கச் சுற்றி, அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பேசினார். பணம் திரும்பவே இல்லை. அது புதிய சபையைக் கட்டுவதற்கு வந்த பணம், மிஷனுக்கு வந்ததல்ல என்று சிலர் விளக்கம் தந்தார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை.

ஆப்பிரிக்கா பற்றிய கூட்டமும் சுலபமாக இல்லை. 1876இல் ஸ்காட்லாந்து திருச்சபை இன்றைய மலாவியில் பிளான்டயர் மிஷனைத் தொடங்கியது. அடைக்கலம் தேடி வந்த மக்கள் மத்தியில் யார் நீதி சொல்வது என்று கமிட்டி தெளிவாக எழுதித் தரவில்லை. அங்கே போனவர்கள் தாங்களே நீதிபதிகள் ஆனார்கள். சாட்டையடி, ஒரு மரண தண்டனை வரை போனது. 1880இல் ஒரு பயணி இதை அச்சிட்டு வெளியிட்ட பிறகுதான் எடின்பரோ விழித்து, விசாரணைக்கு ஆளனுப்பி, மிஷனின் தலைவரைத் திரும்ப அழைத்தது. அனுப்பியவர்களுடைய பொறுப்பு எவ்வளவு என்பதை அந்த விசாரணை பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

பெண்கள் வேலையைப் பற்றி ஒரே கூட்டம்தான் நடந்தது. அது போதாது என்று மகளிர் அங்கத்தினர்கள் எழுதிக் கொடுத்த குறிப்பைப் பதிவு செய்கிறேன். ஆண்கள் கமிட்டி தனியாக இருக்க, இந்தியப் பெண்கல்விக்காக 1837இலேயே எடின்பரோப் பெண்கள் சொந்தச் சங்கம் வைத்துச் சொந்தமாகப் பணம் திரட்டினார்கள். அந்த மரபில் வந்ததுதான் நம் ராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரி. அங்கே பிறந்த அங்கத்தினர்கள் நம்மிடையே உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பெயர் தந்த கிறிஸ்டினா ரெய்னி யார், அதைத் தொடங்கிய டாக்டர் மெடில்டா மக்ஃபெயில் யார் என்பது இந்தக் கூட்டத்தில்தான் அவர்களுக்கே தெரிந்தது.

அடுத்தது வில்லியம் மில்லர். 1862இல் மதராஸ் வந்தவர். ஆண்டர்சன் பள்ளியைக் கல்லூரியாக்கி, வேறு மிஷன்களையும் சேர்த்து, 1877இல் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி என்று பெயர் வைத்தார். அவர் காலத்தில் கல்லூரி பெருகியது, ஞானஸ்நானம் அருகியது. உங்கள் கல்லூரி எத்தனை பேரைச் சபைக்குக் கொண்டுவந்தது என்ற கேள்விக்கு மில்லர் சொன்ன பதில், கிறிஸ்தவக் கருத்துகள் சமுதாயம் முழுவதும் பரவ வேண்டும், அறுவடை பின்னால் வரும் என்பது. சொந்தப் பணத்தையும் கல்லூரிக்குக் கொட்டிய மனிதரைத் தாயகத்தில் யாரும் எளிதில் எதிர்க்க முடியவில்லை. 1896இல் அவரையே ஃப்ரீ சர்ச் பொதுச்சபையின் தலைவராக்கினார்கள். அதே கல்லூரியில் ஏ. ஜி. ஹாக் என்ற ஸ்காட்டிஷ் பேராசிரியரிடம் தத்துவம் படித்தவர் திருத்தணியில் பிறந்த எஸ். ராதாகிருஷ்ணன். மிஷனெரிகளின் விமர்சனம்தான் தம்மை இந்து தத்துவத்தை ஆழமாகப் படிக்க வைத்தது என்று அவர் பின்னாளில் எழுதினார். எடின்பரோ எதிர்பார்த்த அறுவடை இதுவல்ல. ஆனால் வாரம் ஒரு பென்னி கொடுத்த ஸ்காட்லாந்து ஏழைக்கு இந்தியா கொடுத்த ரசீதுகளில் இதுவும் ஒன்று.

நகரத்துக் கல்லூரிக்கே பணம் போகிறதே என்று கேட்டவர்களுக்குச் செங்கல்பட்டு பதிலாக இருந்தது. அங்கே மிஷனெரி ஆடம் ஆண்ட்ரூ 1890களில் தலித் மக்களுக்கு நிலம் கிடைக்கப் போராடினார். பின்னாளில் திருமணியில் மிஷன் நடத்திய தொழுநோய் மருத்துவமனையை 1955இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. செங்கல்பட்டுக்குப் போய் வரத் திட்டமிட்டோம். வேன் வாடகை கேட்டதும் தள்ளிவைத்தோம்.

கடைசிக் கூட்டம் 1910 ஜூன் மாத எடின்பரோ உலக மிஷனெரி மாநாடு பற்றியது. ஃப்ரீ சர்ச்சும் யுனைட்டெட் பிரஸ்பிட்டேரியன் சபையும் 1900இல் இணைந்து உருவான சபையின் பொதுச்சபை மண்டபத்தில், சுமார் 1,200 பிரதிநிதிகள் முன் நம் வெள்ளாளன்விளைக்காரர் வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசினார். உங்கள் பொருளையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். மண்டபத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் யாசகராகப் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தையும், 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தையும் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். ஆளனுப்பும் வேலை தெரிந்தவர். அனுப்புகிறவர்களிடம் இன்னொரு அனுப்புகிறவர் பேசிய பேச்சு அது. 1947 செப்டம்பர் 27இல் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஸ்காட்லாந்து மிஷன் வளர்த்த சபைகளும் அதில் சேர்ந்திருந்தன. எடின்பரோக் கமிட்டிக்கு இங்கே உத்தரவு போடும் வேலை அத்தோடு முடிந்தது.

இனி நிர்வாக விஷயங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார், தணிக்கை முடிந்துவிட்டது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று கூட்டம் முடிவதற்குள் பொருளாளரைப் பார்க்கவும். கர்க் பார்வைக்கு அனுமதி தந்த ஆலய நிர்வாகத்தினருக்கும், கூட்ட அறையை வாடகையில்லாமல் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அங்கத்தினர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஆர்க்காடு மிஷனை எடுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. மருத்துவ மிஷனெரிகளான ஸ்கட்டர் குடும்பம், வேலூர் ஆஸ்பத்திரி என்று பொருள் நிறைய இருக்கிறது. அனுப்பியவர்கள் அமெரிக்க ரிஃபார்ம்ட் திருச்சபையார் என்பதால் இவ்வாண்டுப் பாடத்தோடும் ஒட்டும். வேறு யோசனை உள்ளவர்கள் விவாதத்தில் சொல்லலாம். செங்கல்பட்டுப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் இம்முறை முன்பணத்தோடு கொடுக்கவும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்