டெனிஸ் பேரிக்குத் திறக்காத ஆலயக் கதவு: அயர்லாந்து ஆயர் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர் பெருமக்களே,

நான் தொலைவில் இருக்கும் ஒரு தமிழ்க் கத்தோலிக்கன். நீங்கள் கொடுக்கும் நற்கருணைதான் எங்கள் பங்கிலும் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பிரிட்டனுடன் செய்த ஒப்பந்தத்தை ஏற்காமல், அதனால் உருவான அயர்லாந்து சுதந்திர அரசை எதிர்த்துப் போரிட்டவர்களுக்குப் பாவமன்னிப்பும் நற்கருணையும் கிடையாது என்று 1922 அக்டோபரில் உங்கள் முன்னோர் கூட்டாக மடல் விடுத்தார்கள். உள்நாட்டுப் போரைக் கண்டித்ததில் தப்பில்லை. ஆனால் அருட்சாதனத்தைக் காட்டி அரசுக்குப் பணிய வைக்கும் அதிகாரத்தை ஆயர்களுக்கு யார் கொடுத்தது?

கார்க் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேயர் டெரன்ஸ் மெக்ஸ்வினி, லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து 1920 அக்டோபர் 25 அன்று இறந்தார். ஆயர் டேனியல் கோஹலன் அவருடைய உடலை வரவேற்று நாளிதழுக்கு மடல் எழுதினார். பேராலயத்தில் திருப்பலி நடந்தது. அப்புறம் டெனிஸ் பேரி, ஒப்பந்தத்தை எதிர்த்த போராளி. விசாரணையே இல்லாமல் சுதந்திர அரசு அடைத்து வைத்த கைதி. 34 நாள் பட்டினி கிடந்து 1923 நவம்பர் 20 அன்று உயிர்விட்டார். உள்நாட்டுப் போர் ஓய்ந்து அப்போதே ஆறு மாதம் ஆகியிருந்தது. அதே ஆயர் இந்த முறை, தன் மறைமாவட்டத்தின் எந்த ஆலயத்துக்குள்ளும் அந்த உடல் வரக்கூடாது என்றார். குருவானவர் செய்ய வேண்டிய செபத்தைக் கல்லறையில் டேவிட் கென்ட் என்ற மக்களவை உறுப்பினர் சொன்னார்.

பிரிட்டிஷ் ஆட்சியிலேயே, 1920 டிசம்பரில், பதுங்கித் தாக்குகிறவர்களைத் திருச்சபைக்குப் புறம்பாக்கியவர்தான் கோஹலன். அதை மறைக்கவில்லை. ஆனால் பேரி செத்தது பட்டினியால். மெக்ஸ்வினியும் அப்படித்தான். சிறை யாருடையது என்பது மட்டும் மாறியிருந்தது.

அரசு செய்த கொலைகளுக்கு என்ன பதில் வந்தது? 1922 டிசம்பர் 8 அன்று ரோரி ஓ'கானர், லியாம் மெலோஸ், ஜோ மெக்கெல்வி, ரிச்சர்ட் பாரட் என்ற ஒப்பந்த எதிர்ப்புப் போராளிகள் நால்வரையும் மவுண்ட்ஜாய் சிறையில் விசாரணை இல்லாமல் சுட்டார்கள். டப்ளின் பேராயர் எட்வர்ட் பைர்ன் இதில் துளி நியாயமும் இல்லை என்று ஆட்சித் தலைவர் காஸ்கிரேவுக்கு எழுதினார், தனிப்பட்ட முறையில். போராளிகளைக் கண்டித்த மடல் திருப்பலியில் வாசிக்கப்பட்டது. அரசைக் கண்டித்த மடல் உறைக்குள் போனது. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

அருட்சாதனத்தை மறுத்த 1922-இன் அந்தத் தடை தவறு என்று கூட்டாக எழுதுங்கள். அன்று செய்தது போலவே ஞாயிறு திருப்பலியில் அதை வாசியுங்கள். வருகிற நவம்பர் 20 அன்று, கார்க் பேராலயத்தில் டெனிஸ் பேரியின் பெயரைச் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுங்கள்.

கிறிஸ்துவில் அன்புடன்,
ஒரு தமிழ் விசுவாசி