பிழை தேடும் கருவியும் சோதிக்கும் கருவியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையதளம் உருவாக்கக் கற்பவர்களுக்கான கட்டுரைகளில் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டெவ்டூல்ஸ், பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம், பிளேரைட், பிரவுசர் இல்லாமலே நிரலைச் சோதிக்கும் ஜெஸ்ட் எல்லாம் ஒரே பட்டியலில் வந்துவிடுகின்றன. படிக்கிறவர் இவற்றில் எது சிறந்தது என்று தேடத் தொடங்குகிறார். பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது வேண்டியது டெவ்டூல்ஸில் இருப்பது போன்ற டீபக்கர், அதாவது பிழை தேடும் கருவி. சரிசெய்த பிழை மறுபடி தலைகாட்டாமல் இருக்க வேண்டியது டெஸ்ட், அதாவது நிரலை ஓட்டிச் சரிபார்க்கும் சோதனை. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் கருவிகளை அறிமுகம் செய்யும்போது இந்த வேறுபாட்டையும் சொன்னால் கற்பவர்களுக்கு நிறைய நேரம் மிச்சமாகும்.

அடிக்கடி வரும் பிழை ஒன்றையே பார்ப்போம். பயனர் ‘ஆர்டர் செய்’ பட்டனை அவசரத்தில் இரண்டு முறை அழுத்த, இரண்டு ஆர்டர்கள் பதிவாகிவிடுகின்றன. குரோமில் டெவ்டூல்ஸைத் திறந்து நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். பக்கம் மாறினாலும் பதிவு அழியாதிருக்க ‘பிரிசர்வ் லாக்’கைத் தேர்வு செய்துவிட்டு அழுத்திப் பாருங்கள். சர்வருக்குத் தகவல் அனுப்பும் போஸ்ட் கோரிக்கைகள் இரண்டு தெரியும். ‘இனிஷியேட்டர்’ நெடுவரிசை அவற்றை அனுப்பிய வரிக்கே கொண்டுபோய் விடும். அங்கே, நிரலை அந்த வரியில் நிறுத்தும் பிரேக்பாயிண்ட் வைக்கத்தான் கை போகும். வைக்க வேண்டாம். நிரல் நின்றால் இரண்டு அழுத்தலுக்கும் இடையிலான நேரமே மாறி, பிழை மறைந்துபோகலாம். வரி எண்ணில் வலது கிளிக் செய்து லாக்பாயிண்ட் சேர்த்தால் நிரல் நிற்காமலே மதிப்புகள் டெவ்டூல்ஸின் கன்சோல் பகுதியில் வந்து விழும். பெரும்பாலும் காரணம் இதுதான்: சர்வரிலிருந்து பதில் வந்த பிறகே பட்டன் முடக்கப்படுகிறது. கோரிக்கையை அனுப்பும் முன்பே முடக்க வேண்டும். (சர்வரும் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி அடையாள எண் கேட்டு, அதே எண் மறுபடி வந்தால் புதிய ஆர்டர் போடாமல் இருக்க வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட எதையும் பிரவுசரை மட்டும் நம்பி விடக் கூடாது.)

அடுத்தது டெஸ்ட். பிளேரைட்டில் சர்வரின் பதிலை 2 விநாடி தாமதப்படுத்தி, போஸ்ட் கோரிக்கை ஒன்றுதான் போகிறதா என்று எண்ணலாம். கிளிக் கட்டளையை இரண்டு முறை எழுதினால் மட்டும் பயனில்லை. பட்டன் முடங்கியிருந்தால் அது திரும்ப இயங்கும்வரை பிளேரைட் தானாகவே காத்திருக்கும். அவசரத்தில் இருக்கும் பயனர் காத்திருக்க மாட்டார். டபுள் கிளிக் கட்டளைதான் இங்கே பொருந்தும். திருத்தாத நிரலில் முதலில் ஓட்டி, டெஸ்ட் தோற்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். தோற்கத் தெரியாத டெஸ்ட் எதையும் காக்காது.

எல்லாவற்றுக்கும் பிரவுசர் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்ட் ‘2025-03-01’ என்ற தேதியை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். யுடிசிக்குப் பின்தங்கிய நேர மண்டலங்களில் திரையில் பிப்ரவரி 28 என்று காட்டும். இதைப் பிடிக்க ஜெஸ்ட் அல்லது அதைப் போன்ற விடெஸ்ட் போதும். நேர மண்டலத்தைக் குறிக்கும் டிஇசட் (TZ) சூழல் மாறியை மாற்றி அதே டெஸ்டை இரண்டு மண்டலங்களில் ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் பட்டன் வேறொரு பட்டைக்கு அடியில் மறைந்துகிடப்பதை, இவற்றுடன் வழக்கமாகச் சேர்த்துப் பயன்படுத்தும், பிரவுசர் போல நடிக்கும் ஜேஎஸ்டாம் கண்டுபிடிக்காது. அது பக்கத்தை வரைவதே இல்லை. ஓர் உறுப்பு திரையில் பிடிக்கும் அகல உயரத்தைக் கேட்டால் 0 என்றே தரும். அதற்கு உண்மையான பிரவுசர் வேண்டும். பிளேரைட்டுடன் வரும் வெப்கிட் என்ற பிரவுசர்கூட சஃபாரிக்கு நெருக்கமானதுதானே தவிர சஃபாரி அல்ல. அசல் சஃபாரியிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் செலினியத்துக்குப் போகலாம்.

சில நேரம் வென்று சில நேரம் தோற்கும் டெஸ்டுகளில் ‘3 விநாடி காத்திரு’ என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை எடுத்துவிட்டு, எதிர்பார்க்கும் சொல் திரையில் வந்ததா என்று கேளுங்கள். பிளேரைட் இயல்பாகவே 5 விநாடிவரை திரும்பத் திரும்பப் பார்க்கும். அதன் பிறகும் தோற்றால் டிரேஸ் பதிவைத் திறந்து ஒவ்வொரு படியிலும் பக்கம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். அந்தப் பதிவை ‘முதல் மறுமுயற்சியில்’ எடுக்கும்படி அமைத்திருந்தால், மறுமுயற்சி எண்ணிக்கையை 1 ஆகவாவது வையுங்கள். இயல்பு மதிப்பு 0 என்பதால், மாற்றாவிட்டால் பதிவே உருவாகாது.

இப்படிக்கு,
இணையச் செயலி உருவாக்குநர் ஒருவர்