பழைய பதிப்புகளைக் கைவிடும் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையதள மென்பொருள்கள், தாங்கள் எழுதப்பட்ட பிஎச்பி போன்ற நிரல் மொழிகளின் பழைய பதிப்புகளை ஏற்க மறுப்பதால் சிறு வணிகர்கள் வீண்செலவுக்கு ஆளாகிறார்கள் என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் வருந்தியிருந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்கும் துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் பாரிமுனைப் பக்கத்துக் கிளியரிங் ஏஜெண்டுகளுக்கும் இணையதளம் பராமரித்துக் கொடுப்பவன் என்ற முறையில், அவர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். செலவு உண்மைதான். ஆனால் அதைப் பெருக்கியது, கைவிடும் நாளை யாரும் தெளிவாகச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த வழக்கம்தான் என்பது என் கருத்து.

இணையதளம் அமைக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். 2011 ஜூலையில் அது பிஎச்பி 5.2.4-ஐக் குறைந்தபட்சத் தேவையாக வைத்தது. அந்த 5.2-க்குத் திருத்தங்கள் தருவதை மொழியை உருவாக்கும் குழு அதே ஆண்டு ஜனவரியிலேயே முடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் அந்த வரம்பு 2019 மே வரை, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், அசையவே இல்லை. அப்போது உயர்த்திய இடமும் 5.6தான், அதன் ஆதரவோ 2018 டிசம்பர் 31-உடன் முடிந்துபோயிருந்தது. பிறகு 2023 ஆகஸ்டில் 7.0, 2024 ஜூலையில் 7.2 என்று வரம்பு ஏறியபோதும், மொழிக்குழு எப்போதோ கைகழுவிய பதிப்புகளே புதிய வரம்புகளாயின. எந்தப் பயனரையும் தெருவில் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம் இதில் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் இதைப் பார்க்கும் கடைக்காரர், 'ஓடுகிற தளத்தை எதற்குத் தொடுவானேன்' என்றுதான் முடிவுக்கு வருவார். தளத்தைத் தம் சர்வரில் வைத்து இயக்கும் ஹோஸ்டிங் சேவை தருபவருக்கும் அந்தப் பதில் வசதியாகவே இருக்கும்.

இதன் விளைவைத் தம்பு செட்டித் தெருவில் ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். பிஎச்பி 5.6-இலேயே நின்றிருந்த தளத்தை, ஹோஸ்டிங் நிறுவனம் பழைய சர்வரை மூடியபோது, ஒரே இரவில் 8-க்கு மாற்றிவிட்டது. மறுநாள் காலையில் கன்டெய்னர் நிலவரம் பார்க்கும் பக்கம் வெறும் வெள்ளையாக வந்து நின்றது. தரவுத்தளத்தோடு இணைப்பதற்காகப் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்த பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகள்தான் காரணம், 2013-இல் 5.5 வந்தபோதே அவற்றை விடுமாறு எச்சரித்துவிட்டு, 2015 டிசம்பரில் 7.0 வந்தபோது அடியோடு நீக்கிவிட்டிருந்தார்கள். வெள்ளைப் பக்கத்தையாவது கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் மாறுபவைதான் வயிற்றைக் கலக்குகின்றன. பூஜ்யம் என்ற எண்ணும் 'நிலுவை' என்ற சொல்லும் சமமா என்று கேட்டால் 7.4 வரையிலான பிஎச்பி ஆம் என்று சொல்லும். 2020 நவம்பரில் வந்த 8.0 முதல் இல்லை என்று சொல்லும். கட்டணக் கணக்கில் அப்படி ஒரு வரி இருந்துவிட்டால், எந்தப் பிழைச் செய்தியும் வராமலே விடை மாறிப்போகும். ஒவ்வொரு பதிப்பாக ஏறி வந்திருந்தால் அந்தந்த மாற்றத்தைத் தனித்தனியே சோதித்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே தாவலில் கடந்தபோது, எந்தத் தவறு எந்த மாற்றத்தால் வந்தது என்று பிரித்தறியவே பாதி உழைப்பு போயிற்று.

இந்த முடிச்சை ஒருமுறை அவிழ்த்தும் காட்டியிருக்கிறார்கள். பிஎச்பி 5 வெளிவந்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகும், 2007-இல், பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் 4-ஐ விடவில்லை. மென்பொருள்கள் 5-ஐக் கேட்கவில்லையே என்பது அவர்கள் வாதம். ஹோஸ்டிங்கில் இல்லையே என்பது மென்பொருள் எழுதுபவர்கள் வாதம். டுரூப்பல், பிஎச்பிமைஅட்மின் உள்ளிட்ட, பிஎச்பியில் எழுதிய பல மென்பொருள் திட்டங்கள் ஒன்றுகூடி, 2008 பிப்ரவரி 5-க்குப் பின் தாங்கள் வெளியிடும் புதிய பதிப்புகளுக்கு 5.2 கட்டாயம் என்று முன்கூட்டியே அறிவித்துப் பூனைக்கு மணி கட்டின. பைத்தான் என்ற இன்னொரு நிரல் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ காட்டிய வழி இன்னும் நேர்த்தியானது. 2017 ஏப்ரலில் வந்த ஜாங்கோ 1.11-தான் பைத்தான் 2-ஐ ஏற்கும் கடைசிப் பதிப்பு என்று சொல்லிவிட்டு, அதே டிசம்பரில் வந்த 2.0-இல் அதைக் கைவிட்டார்கள், ஆனால் 1.11-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஏப்ரல் வரை தந்தார்கள். பைத்தான் 2 முடிவுக்கு வந்ததே 2020 ஜனவரி 1-இல்தான். புதிய வசதி வேண்டியவர் நகர்ந்தார். நகர முடியாதவருக்கும் மூன்றாண்டு அவகாசம் கிடைத்தது.

மொழிக்குழு கைவிட்டாலும், சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தை வழங்குபவர்கள் திருத்தம் தருகிறார்களே என்று கேட்கலாம். சரிதான், 2015-இல் மொழிக்குழு விட்டுவிட்ட பிஎச்பி 5.4, சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் ஆயுள் முடிந்த 2024 ஜூன் வரை அதனுடனேயே வந்துகொண்டிருந்தது. ஆனால் மலிவு விலையில் ஹோஸ்டிங் வாங்கிய கடைக்காரருக்குத் தம் சர்வரில் உள்ளது திருத்தம் பெற்ற பதிப்பா, அனாதையாக விடப்பட்டதா என்று எப்படித் தெரியும்?

ஆகவே என் கோரிக்கை இது. மொழியின் ஒரு பதிப்புக்கு ஆதரவு முடிந்த ஓராண்டுக்குள் மென்பொருள்கள் அதைக் கைவிட வேண்டும். அந்தத் தேதியை ஓராண்டுக்கு முன்பே பயனரின் நிர்வாகப் பக்கத்தில் காட்ட வேண்டும். பழையதை ஏற்கும் கடைசி வெளியீட்டுக்கு மேலும் ஓராண்டாவது பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும். இதற்குக் கணிப்பு எதுவும் தேவையில்லை. 2024-இல் திருத்திய விதிப்படி பிஎச்பியின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஈராண்டு முழு ஆதரவும் அடுத்த ஈராண்டு பாதுகாப்புத் திருத்தமும் கிடைக்கும். கணக்கு முடிவது டிசம்பர் 31-இல். இது நம் பக்கத்து வியாபாரத்துக்கும் தோதான நாள்தான். ஆடித் தள்ளுபடி தொடங்கியதிலிருந்து பொங்கல் துணி விற்று முடியும்வரை எம்.சி. ரோட்டில் எந்த முதலாளியும் தளத்தில் கைவைக்க விடமாட்டார். தை பிறந்த பிறகுதான் பேச்சே எடுக்க முடியும். ஆதரவு டிசம்பரோடு முடிவதால், நான் கேட்கும் ஓராண்டு அவகாசத்துக்குள் தை முதல் ஆடி வரையிலான அந்த மாதங்கள் முழுதாகக் கிடைத்துவிடும்.

கடைக்காரர்களும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பதிப்பை உயர்த்தும் வேலையையும் சேர்த்து எழுதச் சொல்லலாம். எங்களைப் போன்றவர்கள் அதற்கான கட்டணத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் கருவிகள் பகுதியில் தள நலம் என்ற பக்கத்தைத் திறந்து, சர்வர் விவரத்தில் உள்ள பிஎச்பி எண்ணைப் பார்த்துக்கொண்டு எங்களிடம் வந்தால் பேரம் பேசவும் எளிதாக இருக்கும்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 600 021.