இண்டியானா யார் பக்கம்?

கொலம்பஸ், இண்டியானா
ஏப்ரல் 30, 2008

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியானது. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். 18-ஆம் தேதி விடியற்காலை இல்லினாயில் வந்த நிலநடுக்கத்தில் எங்கள் வீட்டு அலமாரிப் பாத்திரங்களும் கலகலத்தன. சேதம் எதுவும் இல்லை. அம்மா ஜூனில் வருகிறார்.

மே 6 அன்று இங்கே யார் ஜெயிப்பார் என்று கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வாரியாகச் சொல்லும்படி கேட்டிருந்தாய். கேட்டது நல்லதாகப் போயிற்று, பத்து நாளாக வேறு நினைப்பே இல்லை. ராபர்ட் கென்னடி போட்டியிட்ட 1968-க்குப் பிறகு இப்போதுதான் இண்டியானாவின் ஜனநாயகக் கட்சி பிரைமரிக்கு, அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டெடுப்புக்கு, இவ்வளவு மவுசு. உங்கள் நியூஜெர்சியில் பிப்ரவரியிலேயே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டீர்கள். இங்கே ஒபாமாவும் ஹிலாரியும் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் வந்து போகிறார்கள்.

நான் கருத்துக்கணிப்பை அவ்வளவாக நம்புவதில்லை. பக்கத்து மாநிலங்கள் எப்படி ஓட்டுப் போட்டன என்பதைத்தான் பார்க்கிறேன். ஒஹாயோவில் 88 கவுண்டிகளில் ஒபாமா ஜெயித்தது ஐந்தில். போன வாரம் பென்சில்வேனியாவில் 67-இல் ஏழு. வரைபடத்தைப் பார்த்தால் அவர் துடைத்தெறியப்பட்ட மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு மாநிலங்களிலும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள்தான். அந்தச் சில கவுண்டிகளில்தான் கிளீவ்லாந்து, ஒஹாயோவின் கொலம்பஸ், பிலடெல்பியா எல்லாம் இருக்கின்றன. அதனால் எத்தனை கவுண்டி என்பதை விட்டுவிடு, எந்தக் கவுண்டியில் எத்தனை பேர் ஓட்டுப் போட வருகிறார்கள் என்று பார்.

முதலில் தெற்கு. ஒஹாயோ ஆற்றங்கரைக் கவுண்டிகள் பழக்கவழக்கத்தில் பாதி கென்டக்கி. கிளார்க், ஃபிளாய்ட் கவுண்டிகளில் உள்ளவர்கள் பார்ப்பதே லூயிவில் டிவிதான். அங்கே ஹிலாரி பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பார். எவன்ஸ்வில் இருக்கும் வாண்டர்பர்க்கில் மட்டும் வித்தியாசம் குறையலாம். செனட்டர் எவன் பாய் ஹிலாரிக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறார். முன்பு கவர்னராகவும் இருந்தவர், அவர் பேச்சுக்கு இங்கே மரியாதை உண்டு.

அடுத்து ஆலை ஊர்கள்: கோகோமோ இருக்கும் ஹோவர்ட், ஆண்டர்சன் இருக்கும் மேடிசன். ஆண்டர்சனில் ஒரு காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வேலை மட்டுமே இருபதாயிரம் பேருக்கு மேல் இருந்தது. இன்று ஒன்றும் இல்லை. போன வாரம் சீமூரிலிருந்து வேலைக்கு வரும் ஒரு மெஷினிஸ்டோடு மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தேன். டிரக்குக்கு பெட்ரோல் போட்ட ரசீதை எடுத்து மேஜையில் வைத்து, "இதைப் பற்றிப் பேசுகிறவருக்கு என் ஓட்டு" என்றார். கோடைக்கு மட்டும் காலனுக்கு 18.4 சென்ட் மத்திய வரியை நிறுத்திவைக்கலாம் என்கிறார் ஹிலாரி. அது வெறும் கண்துடைப்பு என்கிறார் ஒபாமா. ஒபாமா சொல்வதுதான் சரி என்பது என் எண்ணம். ஆனால் அந்த ரசீதைப் பார்த்த பிறகு, இந்தக் கவுண்டிகள் ஹிலாரி பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒபாமாவின் முன்னாள் பாதிரியார் ரைட்டின் பேச்சுகள் கிளப்பிய விவகாரமும் சேர்ந்துகொண்டது. நேற்று ஒபாமா அவரை வெளிப்படையாகக் கண்டித்துவிட்டார், அது எவ்வளவு தூரம் எடுபடும் என்பது செவ்வாய்க்கிழமைதான் தெரியும்.

ஒபாமாவுக்கு இண்டியானாபோலிஸ் இருக்கும் மாரியன் உறுதி. மார்ச்சில் இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றம் போன ஆந்த்ரே கார்சன் அங்கே அவர் பக்கம். புளூமிங்டன் பல்கலைக்கழகத்தால் மன்றோவும், பர்டியூவால் டிப்பகனூவும் அவருக்கே. வடக்குப் புறநகரான ஹாமில்டனைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அது குடியரசுக் கட்சியின் கோட்டை. ஆனால் இங்கே எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டையும் கேட்டு வாங்கலாம், குடியரசுக் கட்சியில் மெக்கெய்ன் ஜெயித்து, அந்தப் போட்டியோ எப்போதோ முடிந்துவிட்டது. அங்குள்ள படித்த, வசதியான குடியரசுக் கட்சிக்காரர்கள் பலர் ஒபாமாவுக்குப் போடுவார்கள் என்று நினைக்கிறேன். வேறு இடங்களில் குடியரசுக் கட்சி ஆதரவு ரேடியோ பேச்சாளர் ரஷ் லிம்பாவின் பேச்சைக் கேட்டு, ஜனநாயகக் கட்சிக்குள் சண்டை நீளட்டும் என்றே ஹிலாரிக்குப் போடுகிறவர்களும் இருப்பார்கள். அலன், செயின்ட் ஜோசஃப் இரண்டும் இழுபறி.

லேக் கவுண்டி தனிக் கதை. அது சிகாகோவின் தொடர்ச்சி, பல வருடமாக டிவியில் ஒபாமாவைப் பார்த்துப் பழகிய இடம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள கேரியின் மேயர் ரூடி கிளே ஒபாமா பக்கம். பக்கத்து ஹாமண்டின் மேயர் ஹிலாரி பக்கம். கேரியில் கூட்டம் திரண்டால் மாநிலமே புரண்டுவிடலாம். என் கவலை, ஓட்டுப் போட போட்டோ உள்ள அரசு அடையாள அட்டை காட்ட வேண்டும் என்கிற இண்டியானாவின் சட்டம். நேற்று முன்தினம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. கார் ஓட்டாத, லைசென்ஸ் இல்லாத வயதானவர்கள் அரசு அட்டைக்கு எங்கே போவார்கள்? பல வருடம் ஓட்டுப் போட்ட ஒருவரை வாசலில் நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் பார்த்தலமியூ ஹிலாரிக்குத்தான். இங்குள்ள கம்மின்ஸ் இன்ஜின் கம்பெனி தயவில் நம்மவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அரசியல் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. ஆனால் பாதிக்கு மேல் கிரீன் கார்டு அல்லது எச்-1 வேலை விசாவில் இருப்பவர்கள், ஓட்டுரிமை கிடையாது.

என் ஓட்டு ஒபாமாவுக்கு. ஆனால் ஆசை வேறு, கணக்கு வேறு. இண்டியானாவின் 92 கவுண்டிகளில் அவர் பத்தைத் தாண்டமாட்டார். மாநிலத்தை ஹிலாரி இரண்டு மூன்று சதவீதத்தில் எடுப்பார். அதே நாளில் வட கரோலினாவை ஒபாமா சுலபமாக எடுப்பார். மேற்கு மலைப்பகுதியை விட்டுவிட்டால் டர்ஹம், வேக், மெக்லன்பர்க் எல்லாம் அவருக்கே.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். லேக் கவுண்டி மத்திய நேர மண்டலத்தில் இருக்கிறது, அங்கே ஓட்டுப்பதிவு முடிய எங்களைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகும். தெற்கு முதலில் வரும், ஹிலாரி வெகுவாக முன்னிலையில் இருப்பார். அதைப் பார்த்து டிவியை அணைத்துவிடாதே. கேரி எண்ணி முடித்ததும் கூப்பிடு, எத்தனை மணியானாலும் சரி. அதற்குள் உன் கணக்கையும் எழுதி அனுப்பு, முக்கியமாக அலனும் செயின்ட் ஜோசஃபும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்